உடும்புத்தோல் கேமராவும் ராக்கம்மாவும்

மலாயாவில் லாபுவுக்கு உள்ளே இருந்த கம்பிப்பாலம் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தவர் ராக்கம்மா. அவருக்கு எரிச்சல் வராத நாள் ஒன்று உண்டா என்று கேட்டால் தோட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் மீது வந்த எரிச்சல் இல்லை அது. பிள்ளைகள் மடியில் மூத்திரம் பெய்தாலும், மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாலும், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பெரியவர்களைத்தான் அவருக்குப் பொறுக்காது. அதிலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்கிற பெரியவர்கள்.

சேலத்துப் பக்கமிருந்து மூன்று வயதில் தாயின் இடுப்பில் வந்து இறங்கியவர். பதினோரு வயதில் ரப்பர் பால்வாளி தூக்கினார். பதினெட்டில் நல்லசாமியைக் கட்டிக்கொண்டார். ஜப்பான்காரன் காலத்தில் நல்லசாமியைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. மூன்று மாதத்தில் வந்துவிடுவான் என்று அப்போது கங்காணி வேலை பார்த்த மண்டோர் சொன்னாராம். அந்த மூன்று மாதத்தைப் பற்றி ராக்கம்மா யாரிடமும் பேசியதில்லை. சண்டை முடிந்த பிறகு மேட்டு ரப்பர் நிரையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. பாலுக்கு மரம் வெட்ட முடியாமல் போகவே, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகைக்கு ஆயாவாகப் போட்டார்கள். முப்பது சொச்சம் பிள்ளைகள். அதில் நானும் ஒருவன். எனக்கு நினைவு இருக்க வழியில்லை. என் தாய் செல்லமும் மற்றவர்களும் சொல்லிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

அவசரகாலம் வந்து மூன்றாவது வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் பிடுங்கி ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, இரண்டு வாசல், வாசலுக்கு வாசல் துப்பாக்கியோடு காவல். காட்டிலிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாது என்று இந்த ஏற்பாடு. பழைய பிள்ளைக் கொட்டகை வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. ஓடு வேய்ந்தது, சிமெண்ட் தரை போட்டது, பக்கத்திலேயே கிணறு. அங்கே யாரும் போகக் கூடாது என்று பெரிய துரை உத்தரவு போட்டார். அதற்குப் பதிலாக, ரப்பருக்குப் புகைபோடும் கட்டடத்தின் பின்னால் நாலு கம்பு நட்டு ஒரு கித்தான் துணியை இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். மழை பெய்தால் கித்தானின் நடுவில் தண்ணீர் குளம் கட்டும். ராக்கம்மா துடைப்பக் கட்டையால் கீழிருந்து குத்தித் தண்ணீரைத் தள்ளுவார். தள்ளிய தண்ணீர் சரிவாக ஓடி மறுபடியும் பிள்ளைகள் படுத்திருக்கும் பக்கமே வரும்.

பால் வேறு ஒரு தொல்லை. கொட்டகைக்கு வரும் பால் டின்களை வாசலிலேயே ஓட்டை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஓட்டை போட்ட டின் இரண்டு நாளைக்குமேல் தாங்காது, காட்டுக்குக் கடத்த முடியாது என்பது கணக்கு. ஓட்டை வழியாக எறும்பு போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாசல் காவலில் நின்ற மலாய் இளைஞரிடம் ராக்கம்மா தினமும் சண்டை போடுவார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "மாஃப், மச்சிக்," என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த டின்னில் ஆணியை இறக்குவார்.

அந்த வருடம் ஆகஸ்டில் பெரிய துரைக்கு உதவியாக இருந்த சின்ன துரையைக் காட்டிலிருந்து வந்தவர்கள் லாபு சாலை வளைவில் ஜீப்போடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். ஆறடிக்கு மேல் உயரம். தோட்டத்தில் எல்லாரும் அவரை நெட்டை துரை என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வயது. அவருக்கு இருந்த ஒரே பழக்கம், பழைய கொட்டகைக்கு வந்து பிள்ளைகளைப் படம் பிடிப்பது. ஏணையில் தூங்குகிற பிள்ளையின் முகத்தருகே போய்க் குனிந்து 'டிக்' என்று தட்டுவார். பிள்ளை விழித்துக் கத்தும். ராக்கம்மா அவர் முகத்துக்கு நேராகவே தமிழில் திட்டுவார். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டு ஒரு படம் எடுப்பார். செத்த செய்தி வந்த அன்று ராக்கம்மா பாலை இரண்டு முறை பொங்கவிட்டுக் கெடுத்தார் என்று என் தாய் சொல்வார்.

அடுத்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் இங்கிலாந்திலிருந்து அவருடைய தாயின் கடிதம் வந்தது. ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கணேசமூர்த்தி ராக்கம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு அதைத் தமிழில் சொன்னார். மகனுடைய மற்ற சாமான்களைக் கப்பலில் அனுப்பிவிடுங்கள், கேமராவை மட்டும் அனுப்ப வேண்டாம். அது அவன் தகப்பனார் ஜெர்மனியில் வாங்கியது. அதை விற்று, என் மகன் படம் பிடித்த அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று எழுதியிருந்தது.

கிராணி கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி. உலோகப் பாகமெல்லாம் தங்க முலாம். உடம்பைச் சுற்றி ஏதோ செதில் செதிலான தோல். ராக்கம்மா அதைத் தொடவில்லை. நல்ல காரியம், நாளைக்கே வித்துட்டுத் தகரம் வாங்கிப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிப் போனார். ஒரு வாரத்தில் கூரை வந்துவிடும் என்று நம்பினார்.

கணேசமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. நல்ல கையெழுத்து, சுத்தமான சட்டை, யாரையும் ஏமாற்றாதவர். ஆனால் எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பார். முறை என்றால் அவருக்குக் கூட்டம், தீர்மானம், நகல். கேமராவை முதலில் பக்கத்து நகரமான சிரம்பானில் சீனர் ஒருவரின் போட்டோக் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த மாதிரி செய்தது மொத்தமே கொஞ்சம், சேகரிக்கிறவர்கள் இதற்காக அலைகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ராக்கம்மா பிற்பாடு பல முறை சொன்னதுண்டு.

அபூர்வப் பொருள் என்றதும் அதைச் சும்மா விற்க முடியாமல் போய்விட்டது. சித்திரையில் நடக்கும் மாரியம்மன் திருவிழாவில் தரும ஏலமாக விடுவது என்று கிராணி முடிவு செய்தார். அதற்குப் பதினொரு பேர் கொண்ட குழு அமைந்தது. பதினொருவரில் ஒருவர் வீட்டிலும் கைக்குழந்தை இல்லை. அழைப்பு அச்சடித்தார்கள், தேதி தப்பாக வந்தது, மறுபடியும் அச்சடித்தார்கள். அப்புறம் தோல் பிரச்சனை. பாம்புத்தோல் பொருளைக் கோயில் வளாகத்துக்குள் வைக்கக் கூடாது என்று கோயில் தலைவரான மண்டோர் தங்கராஜு சொன்னார். அது பாம்பு இல்லை, உடும்பு என்றார் ஒருவர். உடும்பு தின்கிற பொருள்தானே, அதில் என்ன தீட்டு என்றார் இன்னொருவர். தின்கிறது வேறு, அம்மன் முன்னால் வைக்கிறது வேறு என்றார் மண்டோர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. கடைசியில், கோயில் எல்லைக்கு இரண்டடி வெளியே மேசை போட்டு அதன்மேல் வைப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரண்டடியை அளக்க ஆபீசிலிருந்து டேப் கொண்டு வந்தார்கள்.

இதற்கிடையில் மாசி போய்ப் பங்குனி வந்தது. சாயங்காலம் தவறாமல் மழை. கித்தான் நடுவில் கிழிந்தது. பிள்ளைகளுக்கு இருமல் தொற்றியது. முதலில் விழுந்தவன் நான். எனக்கு அப்போது பத்து மாதம். இருமி இருமி முகம் நீலம் பாரித்துப் போகுமாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து கொடுத்துவிட்டு, ஈரத்தில் போடாதீர்கள் என்றார். எங்கே போடுவது என்று ராக்கம்மா கேட்டதும் அவர் மருந்துப் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். என் தாய் வேலைக்குப் போகாமல் நின்றார். வேலைக்கு ஏன் வரவில்லை என்று மண்டோர் வந்து கேட்டார்.

அன்றைக்கு ராக்கம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனார். கிராணி அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பெட்டிய வித்தாச்சா?"

"அக்கா, அது சாதாரணப் பெட்டி இல்ல. அபூர்வமான பொருள். இன்னும் மூணு வாரம் பொறுங்க. நம்ம தோட்டத்துக்கு ஒரு பேரு நிக்கும்."

"பேரு நிக்கட்டும். பிள்ளைங்க தண்ணியில நிக்குது. இந்தப் பிள்ளைய கொஞ்சம் புடிங்க."

சொல்லிவிட்டு என்னை அவர் மடியில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். நான் அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் இருமிச் சளி கக்கினேன். கிராணி பதறிப்போனார். அன்று பின்நேரமே ஆபீசின் பின்னறையைக் காலி செய்து, இருமும் பிள்ளைகளை அங்கே படுக்கவைக்க விட்டார். எட்டுப் பேர் அங்கே போனோம். ஆனால் ஏலத்தின் தேதியை மட்டும் அவர் மாற்றவில்லை. அழைப்பு இரண்டாம் முறையாக அச்சாகிவிட்டதே என்றார்.

திருவிழா ஞாயிறு வந்தது. கூட்டம் கூட போலீஸ் அனுமதி பிற்பகல் மூன்று மணிவரைதான். அதற்குமேல் லாபு சாலையில் வெளியாட்கள் போவது ஆபத்து. கேமராவுக்காகவே இரண்டு பெரிய கைகள் வந்திருந்தன. ஒருவர் மம்பாவ் பக்கத்துத் தோட்டத்துத் துரை. கேமரா சேர்ப்பதில் பைத்தியமாம். இரும்புத் தகடு அடித்த காரில், முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்களோடு வந்தார். மற்றவர் சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த மெய்யப்ப செட்டியார். அவருக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அது தங்கம் பூசியது என்று கேள்விப்பட்டிருந்தார். அம்மனுக்கு முன்னால் நடக்கும் ஏலம் என்பதும் அவரை இழுத்திருந்தது.

பன்னிரண்டரைக்கு ஏலம் தொடங்கியது. மண்டோர் தங்கராஜு வழக்கப்படி எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தார். ஒவ்வொரு பழத்துக்கும் அம்மன் பெருமை, போன வருடம் அதே பழத்தை எடுத்தவருக்குப் பிள்ளை பிறந்த கதை. பிறகு சேலை. பிறகு கரும்பு, கலசத் தேங்காய், மஞ்சள். ஒன்றே முக்கால் ஆனது. மம்பாவ் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண்டோர் அப்போது ஒரு தார் வாழைப்பழத்தைத் தூக்கினார்.

ராக்கம்மா கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நொண்டி நொண்டி மேசைக்குப் போனார். கேமராவை எடுத்து மண்டோரின் கையில் திணித்து, வாழைப்பழத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். முதல் தடவையாக அவர் அந்தக் கேமராவைத் தொட்டது அப்போதுதான். மண்டோர் எல்லையைத் தாண்டி இரண்டடி வெளியே போய் நின்று, நூறு வெள்ளி என்று ஆரம்பித்தார்.

நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று செட்டியாரும் துரையும் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் கள்ளு வாடையோடு நின்ற மணியம் ஐந்நூறு என்றார். புகைக் கொட்டகையில் வேலை செய்கிற மணியம். தீபாவளிக்குச் சட்டை எடுக்கவே முன்பணம் கேட்கிறவர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மண்டோர் பழக்க தோஷத்தில் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லிவிட்டார். பறையும் அடித்துவிட்டார்கள்.

அம்மன் சாட்சியாகப் பறை அடித்த பிறகு ஏலத்தைத் திருப்பலாமா என்று குழு கூடி நின்று பேசியது. திருப்பலாம் என்று ஆறு பேர், கூடாது என்று ஐந்து பேர். மணியத்துக்குப் போதை இறங்கி முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வேணாம்லா, அம்மா மேல சத்தியமா தெரியாம சொல்லிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இருபது நிமிடம் போனது. ராக்கம்மா வாழைத்தாரைப் பிடித்தபடியே நின்றார்.

மறுபடியும் தொடங்கியபோது மணி இரண்டரை. இந்தத் தடவை வேகமாக ஏறியது. அறுநூறு, எழுநூறு, எண்ணூற்றைம்பது. துரையின் காவலர்கள் காரை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஆயிரம் என்றார் துரை. செட்டியார் வெற்றிலையை மென்றுகொண்டே ஆயிரத்து ஐம்பது என்றார். போலீஸ் சார்ஜன்ட் துரையிடம் வந்து நேரமாகிவிட்டது என்று காதில் சொன்னார். துரை கேமராவை ஒரு முறை பார்த்தார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார், போய்விட்டார்.

கேமரா செட்டியாருக்கு விழுந்தது. அவருக்கு மாலை போட்டார்கள். கணேசமூர்த்தி அவருடைய காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஏலத்தில் எடுத்ததை அம்மனுக்கே திருப்பிக் கொடுத்தால் புண்ணியம் இரட்டிப்பு. அடுத்த வருடம் சிரம்பானில் மண்டபம் எடுத்து இன்னும் பெரிதாக ஏலம் விடலாம் என்பது அவர் யோசனை. செட்டியாருக்கு அது பிடித்துவிட்டது. எழுந்து தொண்டையைக் கனைத்து, இந்தப் பொருளை நான் அம்மனுக்கே என்று ஆரம்பித்தார்.

ராக்கம்மா வாழைத்தாரைக் கீழே வைத்தார்.

"ஐயா, திருப்பிக் குடுத்துடாதீங்க. நீங்க குடுத்தா இவங்க மறுபடியும் கூட்டம் போடுவாங்க. மூணு மாசமா போட்டாங்க. பணமாவும் குடுக்காதீங்க. அதுக்கு ஒரு கூட்டம் போடுவாங்க. தகரமா குடுங்க. சிமெண்டா குடுங்க."

கிராணியின் முகம் சிவந்தது. செட்டியார் இந்த அம்மா யார் என்று கேட்டார். பிள்ளைக் கொட்டகை ஆயா என்று யாரோ சொன்னார்கள். செட்டியாருடைய மைத்துனருக்குச் சிரம்பானில் இரும்புக் கடை இருந்தது. அவர் வியாபாரி, கேட்கிறவர் யார் என்பதைவிடக் கேட்கிற பொருளின் அளவுதான் அவருக்கு முக்கியம்.

"எத்தனை தகரம்?"

"நாப்பத்தெட்டு. காலடியில அளந்துட்டேன். சிமெண்ட் முப்பது மூட்டை. ஆணி, சட்டம், அடுப்புக்குக் கம்பி."

"மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

"மேக்க, மலைப் பக்கத்துலருந்து."

"அப்போ அந்தப் பக்கம் கூரைய இறக்கிப் போடணும். அறுபது அனுப்பறேன்," என்றார் செட்டியார்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. ராக்கம்மா நினைத்ததைவிடச் சீக்கிரம். ஆனால் கிராணி அவருடைய முறைப்படி, ராக்கம்மா கேட்ட நாற்பத்தெட்டுத் தகரத்துக்குத்தான் அனுமதிச் சீட்டு எடுத்திருந்தார். வந்தது அறுபது. சீட்டில் இல்லாத பன்னிரண்டை உள்ளே விட முடியாது என்றார்கள் வாசல் காவலர்கள். லாரிக்காரர் அவற்றை வேலி ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். புதுச் சீட்டு சிரம்பானிலிருந்து வர மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் கொட்டகை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ராக்கம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். ஆணி இறக்கும் அந்த இளைஞர் இரண்டாம் நாள் அவருக்கு ஒரு குவளைக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாராம். அவர் அதைக் குடித்துவிட்டு, பால் கொஞ்சம் என்று குறை சொன்னார்.

ஒன்பது நாளில் கொட்டகை எழுந்தது. சிமெண்ட் தரை, உயரமான அடுப்பு, ஏணை கட்டக் கம்பி, மேற்கே தாழ்ந்திறங்கிய கூரை. முதல் மழைக்கு ராக்கம்மா கொட்டகையின் நாலு மூலைக்கும் போய்த் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அன்று பூராவும் அவர் யாரையும் திட்டவில்லை என்று என் தாய் சொல்வார். எனக்கு அது கொஞ்சம் மிகை என்று தோன்றுகிறது.

திறப்பு விழாவுக்கு ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். பெரிய துரை, செட்டியார், குழுவினர் பதினொருவர். எழுத்துத் தெரியாத ராக்கம்மா அதை என் தாயை விட்டுப் படிக்கச் சொன்னார். தன் பேர் இல்லாததை அவர் கவனித்தாரோ இல்லையோ தெரியாது. செத்துப்போன பையன் பேர் எங்கே என்று மட்டும் கேட்டார். கிராணிக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. பலகையில் இடமில்லாததால் நெட்டை துரையின் பேரை ஓரத்தில் செங்குத்தாக, சின்ன எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. கிராணியே தூரிகை பிடித்து எழுதினார். அவருடைய கையெழுத்து நன்றாக இருந்ததால் அது அசிங்கமாகத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்துத் தாயிடமிருந்து மறு கடிதம் வந்தது. கொட்டகையையும் பிள்ளைகளையும் ஒரு படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். தோட்டத்தில் அப்போது ஒரு கேமராகூட இல்லை. செட்டியாரிடம் கேட்கப் போனார்கள். அவர் அதைப் பட்டுத்துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார், தரமாட்டேன் என்றார். கடைசியில் சிரம்பான் போட்டோக் கடைக்காரரே பெரிய பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிச்சம் சரியில்லை, பிள்ளைகள் அசைகிறார்கள் என்று ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அழுகிறார்கள். நடுவில் ராக்கம்மா, படம் எடுப்பவரை அடிக்கப் போவதுபோலப் பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அவருடைய வலது இடுப்பில் இருக்கும் மொட்டைத்தலை நான்தான்.

செட்டியார் மூன்று வருடத்தில் கடையை மூடிவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். கேமராவும் அவரோடு போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதன் கதை எனக்குத் தெரியாது.

ராக்கம்மா அவசரகாலம் முடிந்த வருடம்வரை அந்தக் கொட்டகையில் இருந்தார். வேலி பிரித்து முடித்த வாரம், முழங்கால் இனி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டார். மம்பாவில் அக்காள் மகள் மாரியம்மாவின் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ராக்கம்மாவுக்குத் தேநீர் விருந்து கொடுக்க, மாலை நாலு மணிக்கு என்று நேரம் குறித்தார்கள். வாழ்த்துப் பேச ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் அன்று காலை எட்டு மணி பஸ்ஸிலேயே ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக ஏறிவிட்டார். என் தாய் பஸ் நிறுத்தம்வரை போய்ப் பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். போகும்போது ராக்கம்மா, புதிதாக வந்திருக்கிற ஆயா பாலை ஆறவைக்காமல் கொடுக்கிறாள், போய்ச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.